சாவி கொடுத்த நாளோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னைப் பெருநகரப் பகுதிக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. 2046 வரை இந்த நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும், எங்கே ரயில் ஓட வேண்டும், எந்த நிலத்தில் கட்டலாம், எந்த நிலத்தைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் வகுக்கப்போகும் மூன்றாவது முழுமைத் திட்டம் குறித்துப் பேச்சு நடக்கும் இந்த வேளையில், நகரத்தின் கட்டமைப்புப் பணிகளுக்காகத் தங்கள் வீடுகளை விட்டுக் கிளம்பிப் போன குடும்பங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தக் குடும்பங்களுக்குப் புது வீட்டின் சாவியைக் கொடுத்த நாளோடு நாம் கணக்கை மூடிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்து, அதன் முடிவைத் தமிழில் மக்கள் முன் வைக்கும் பொறுப்பைச் சட்டப்படியான கடமையாக யாரும் ஏற்கவில்லை. புதிய திட்டம் அதை ஏற்க வேண்டும்.

கூவம் கரையை ஒட்டிய ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தந்தையர் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி பாகம் எடுக்கும் கடைகளில் வேலை செய்தார்கள், மூட்டை தூக்கினார்கள், மீன்பாடி வண்டி ஓட்டினார்கள். தாய்மார் சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியில் கூடை எடுத்தார்கள், எழும்பூரிலும் சேத்துப்பட்டிலும் வீட்டு வேலைக்குப் போனார்கள், பூக்கட்டி விற்றார்கள். வேலைக்கு நடந்தே போய், நடுப்பகலில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, மறுபடியும் நடந்தே போய்விட முடிகிற தூரத்தில் அவர்களுடைய உலகம் இருந்தது.

ஓர் ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தபோது வகுப்பறைகளில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. விடுமுறையிலேயே கரையைக் காலி செய்யும் வேலை தொடங்கிவிட்டது. வாசலில் சுண்ணாம்பில் எண் எழுதப்பட்ட வீடுகளிலிருந்து சாமான்கள் குட்டியானை வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. தேர்வு முடியும்வரை பொறுக்கலாகாதா என்று நானும் சக ஆசிரியர்களும் போய்க் கேட்டோம். எங்களிடம் பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தேதி தம் கையில் இல்லை என்றார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 37 மாற்றுச் சான்றிதழ்களில் நான் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே, இடம்பெயர்ந்ததால் நீக்கம் என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதியதோடு பள்ளியைப் பொறுத்தவரை அவர்கள் முடிந்துபோனார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 37 பெயர்களையும் தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, கால் நோகாத நாட்களில், பேருந்து பிடித்து, அவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்ட, நகரின் தெற்கே உள்ள பெரும்பாக்கத்துக்குப் போய் அந்தப் பிள்ளைகளைத் தேடினேன். இதுவரை 22 பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒருத்தி செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறாள். அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ளத் தனி வீடும் கழிப்பறையும் கிடைத்ததால்தான் பெண் படித்தாள் என்றார். இன்னொரு பையன் அந்த ஆண்டே பத்தாம் வகுப்பை விட்டுவிட்டுச் சமையல் ஒப்பந்தக்காரரோடு போனவன், இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறான். ஒரு குடும்பம் ஒதுக்கீடு பெற்ற வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய இடத்துக்கு அருகிலேயே ஒரு சந்தில், கிடைத்த வாடகையைவிட இரண்டு மடங்கு கொடுத்து ஒற்றை அறையில் இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தாயின் மீன் வியாபாரம் விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் தொடங்குகிறது. எஞ்சிய 15 பேர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

நான் பார்த்தது ஒரு பள்ளியின் ஒரு மாதத்துக் கதை மட்டுமே என்பதை அறிவேன். இதை வைத்து நகரம் முழுவதுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. செவிலியரான பெண்ணைக் காட்டி மறுகுடியமர்வு வெற்றி என்றும் சொல்லலாம்; சமையல் வேலைக்குப் போன பையனைக் காட்டித் தோல்வி என்றும் சொல்லலாம். இரண்டு பேரில் யாருடைய கதை பொதுவானது என்பதை முறையான ஆய்வு ஒன்றுதான் சொல்ல முடியும். அந்த ஆய்வு இல்லாமலேயே கால் நூற்றாண்டாகக் குடும்பங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தக் கால் நூற்றாண்டின் அளவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் அதன் முதல் எண்ணமாக இருந்தது. கடற்கரை ஓரத்து நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் கட்டினார்கள். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று வாரியம் தன் கட்டடங்களில் எழுதி வைத்தது. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி, நகருக்கு வெளியே மலிவான நிலத்தில் மொத்தமாகக் கட்டி, நகருக்குள் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும் அதை ஒட்டிய எழில் நகருமாகச் சேர்த்து 23,000க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6,700க்கும் மேற்பட்டவை. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்டவை. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் வீடுகள். நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை. அதுவும், பெரும்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிகள் எழுந்தபோது அது ஒரு கிராம ஊராட்சி. ஓர் ஊராட்சியின் குப்பை வண்டியும் தெருவிளக்கும் இருபதாயிரம் அடுக்குமாடி வீடுகளுக்கு எப்படிப் போதும் என்று யாரேனும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார்களா என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

வாரியத்தின் பெயர் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்ற சொல்லை நான் மனதார வரவேற்றேன். வீடு என்பது சுவரும் கூரையும். வாழ்விடம் என்பது அதோடு வேலை, பள்ளி, கடன் கொடுக்கும் மளிகைக் கடை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாம் சேர்ந்தது.

ஆய்வு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்க வேண்டும். ஓர் இடத்தைக் காலி செய்வதற்கு முன் அதிகாரிகள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள்; கைரேகை பதிகிறார்கள்; டோக்கன் தருகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு, யாருக்கு ஒதுக்கீடு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிப்பதற்கானது. அந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார், தண்டல்காரருக்கு அன்றாடம் எவ்வளவு கட்டுகிறார், மாமியாரின் நீரிழிவு மாத்திரை எந்த மருத்துவமனையில் கிடைக்கிறது, பிள்ளைகள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பவை அதில் முதன்மையாக இடம்பெறுவதில்லை. இவை இல்லாவிட்டால், ஐந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தாலும் நிலைமை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்ல முடியாது. புறப்படும் முன் எடையே பார்க்காத பிள்ளை இளைத்ததா பருத்ததா என்று எப்படித் தெரியும்?

நம் ஊர் ஆய்வாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கண்ணகி நகரின் உழைப்பையும் பிழைப்பையும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய தொழில்களை விட்டு வந்தவர்கள், பக்கத்திலேயே ராஜீவ் காந்தி சாலையின் கணினி நிறுவனக் கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தும், அங்கே ஒப்பந்தக்காரர் வழியாகக் கிடைக்கும் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் மேல் போக முடியாமல், நிச்சயமற்ற கூலியில் சிக்கியிருந்ததை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. குடியிருப்போர் உரிமைக்காக உழைக்கும் தன்னார்வ அமைப்புகளும் பல அறிக்கைகள் தந்திருக்கின்றன. இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் நிலையைக் காட்டுபவையாக இருக்கின்றன. பெரும்பாக்கத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "எத்தனையோ பேரு பேப்பரை எடுத்துக்கிட்டு வந்து கேட்டுட்டுப் போறாங்க டீச்சர். அதுல என்ன எழுதினாங்கன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல." ஆய்வுலகத்தில் இருக்கும் இளைஞர்கள் இந்தச் சொல்லை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்கப் போனவர்கள் பதிலோடு ஒரு முறையாவது அந்தப் படிகளில் ஏற வேண்டும்.

2021 அக்டோபரில் மாநில அரசு மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கைக்கான வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது நல்ல செயல். ஆனால் அந்த வரைவுகூட முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே தமிழில் கிடைத்தது. யாருடைய வாழ்க்கையைப் பற்றிய கொள்கையோ அவர்களால் படிக்க முடியாத மொழியில் அது முதலில் வந்தது என்பதை ஒரு தமிழாசிரியையாக என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நீண்ட காலத் தொடர் ஆய்வு எவ்வளவு தூரம் நம் எண்ணத்தையே மாற்றும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1977 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பின்னர் முகப்பேர் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுக்கும் திட்டம் நடந்தது. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் போட்டு, சிறு சிறு மனைகளாகப் பிரித்து, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். மனைகள் நீண்ட காலம் காலியாகக் கிடந்தன, ஏழைகள் விற்றுவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லி, அந்த முறையே தோல்வி என்று உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. திட்டம் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து உலக வங்கி ஆய்வாளர்களே சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து அந்தப் பகுதிகளைப் பார்த்து, 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு சொன்ன தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்கள். பல தரப்பு வருமானக்காரர்களும் கலந்து வாழ்கிற, நடந்தே கடைக்கும் பள்ளிக்கும் போக முடிகிற, மக்கள் தாங்களே மாடி எழுப்பி வளர்த்துக்கொண்ட உயிருள்ள பகுதிகளாக அவை மாறியிருந்தன. ஐந்தாம் ஆண்டில் பார்த்தவர்களுக்குத் தோல்வியாகத் தெரிந்தது இருபதாம் ஆண்டில் பார்த்தவர்களுக்கு வேறாகத் தெரிந்தது. அப்படியானால், சாவி கொடுத்த மறுநாளே வெற்றி என்று அறிவிக்கிற பழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது?

இனி, நிலைத்த வளர்ச்சி என்று இப்போது எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் வருகிற சொல்லைப் பற்றி. இதில்தான் எனக்கு மிகுந்த கவலை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாறு கரைகளில் குடியிருப்பது ஆபத்து என்ற காரணம் காட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கரையில் ஆபத்து இருந்தது உண்மை. ஆற்றங்கரை வாழ்க்கையைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. வெள்ள நாட்களில் அந்தப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் அவர்களை அனுப்பிய இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பு. பழையவர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அந்தக் கழுவெளியில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தை நோக்கிப் போக வேண்டும். ஒருகாலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அந்த நீர்ப்பரப்பு சாலையாலும் குப்பைக் கிடங்காலும் கட்டடங்களாலும் சுருங்கி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது 1,247 ஹெக்டேர் அளவில்தான் பதிவாயிற்று. ஒட்டியம்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஏரிகள் கலங்கல் தாண்டினால் அந்த நீர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். 2015இல் இறங்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இறங்கியது. மேல் மாடிகளில் இருந்தவர்கள் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல், ஓடாமல் நின்ற லிஃப்டுகளுக்கு நடுவே நாட்களைக் கழித்தார்கள்.

வெள்ளத்துக்கு அஞ்சி ஓரிடத்திலிருந்து எடுத்தவர்களை இன்னொரு வெள்ளத்தின் வழியில் குடிவைத்தோம். நதியைச் சீரமைக்கும் திட்டத்தின் அறிக்கையில் முதல் கரை காட்டப்படும். இரண்டாவது இடத்தின் வெள்ளம் அந்த அறிக்கையின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஒரு திட்டத்தின் நன்மையைக் கூவத்தில் கணக்கிட்டு, அதன் தீமையைக் கழுவெளியில் கணக்கிடாமல் விட்டால் அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

போக்குவரத்திலும் இதே குறை. முன்பு நடந்து வேலைக்குப் போன ஒரு பெண், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு, அதே வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நாள்தோறும் ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்கிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற திட்டம் இவர்களுக்குப் பேருதவியாக இருப்பதை நான் கண்ணாரக் கண்டேன்; அது இல்லையென்றால் இன்னும் பலர் வேலையை விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் கையில் காசு மிஞ்சினாலும் நாளில் மூன்று மணி நேரம் மிஞ்சுவதில்லை. அந்த மூன்று மணி நேரம் பிள்ளையின் பாடத்திலிருந்தும், தாயின் தூக்கத்திலிருந்தும் போகிறது. பசுமைப் போக்குவரத்து என்ற பெயரில் ரயில் பாதை போடுகிறோம். காலாலே நடந்து, புகையே விடாமல் வாழ்ந்தவர்களை நீண்ட தூரப் பயணிகளாக்கியதை எந்தப் பசுமைக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

கட்டமைப்பே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் பாதை, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகத்தான் போகப்போகிறது. அது ஓடத் தொடங்கினால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய் விடப்பட்டவர்களுக்கு நகரம் மறுபடியும் எட்டக்கூடும். அதே வேளையில் அந்தப் பகுதியின் நில மதிப்பும் வாடகையும் ஏறும். இருநூறு சதுர அடிக்கும் குறைந்த ஆரம்ப காலத்து வீடுகளில், மகனுக்கும் மருமகளுக்கும் இடமில்லாமல் பக்கத்துப் பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்கள் அப்போது எங்கே போகும்? ரயில் வருவதற்கு முன்பே, இன்றைக்கே, அங்கே யார் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்தால்தான் நாளைக்கு அதைச் சொல்ல முடியும். இதை இப்போது செய்யாமல் விட்டால் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் அந்தத் தகவலைத் திரும்பப் பெற முடியாது.

மக்கள் எப்படியும் வேர் பிடித்துவிடுவார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிடிக்கத்தான் செய்கிறார்கள். கண்ணகி நகர்ச் சுவர்களில் ஓவியங்கள் வந்தன. அங்கேயிருந்து கபடி வீராங்கனை ஒருவர் 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வென்று வந்தபோது ஊரே மேளதாளத்தோடு வரவேற்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நான் அழுதேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது போன்ற பயிற்சியாளரும், அவளுடைய குடும்பத்தின் பொறுமையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. அவளுடைய வெற்றி, கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று என்னிடம் சொன்ன மற்ற இளைஞர்களின் குறையைத் தீர்த்துவிடாது.

1985இல், மும்பை நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்துவது பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியிருக்கும் இடத்தைப் பறித்தால் பிழைப்பும் போகும் என்ற உண்மையை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டு கடந்தும், நம் மறுகுடியமர்வுப் பட்டியல்களில் பிழைப்புக்கு ஒரு கட்டம் போடப்படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் குடிசைப் பகுதி மக்கள் சுமார் 13.4 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டும். அது 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஆக, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய எண்களை வைத்துக்கொண்டுதான் அடுத்த இருபது ஆண்டுக்குத் திட்டம் போடுகிறோம்.

தொடர் ஆய்வுக்குப் பெரும் பணம் வேண்டும் என்று சொல்வார்கள். அரசிடம் ஏற்கெனவே உள்ளவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் எமிஸ் எண் இருக்கிறது. ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனது, எந்த வகுப்பில் நின்றது என்பது அதில் தெரியும். குடும்ப அட்டை எந்த நியாயவிலைக் கடைக்கு மாறியது, இன்னும் மாறாமலே இருக்கிறதா என்பதும் தெரியும். ஒதுக்கீட்டுப் பட்டியல் வாரியத்திடம் இருக்கிறது. தனிப்பட்ட விவரம் எதுவும் வெளியே போகாமல் காத்து, குடும்பங்களின் சம்மதத்தோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தாலே, இடம்பெயர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்ற ஒரு கேள்விக்காவது விடை கிடைத்துவிடும். மீதியை வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். அதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் துறையும், சென்னைப் பல்கலைக்கழகமும், சமூகப்பணி படிக்கும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். வீட்டைக் கட்டிய துறையே அதை ஆராயவும் கூடாது. அதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தன் விடைத்தாளைத் தானே திருத்த எந்த மாணவனையும் நாங்கள் விட்டதில்லை.

வீட்டை விற்றவர்களையும், உள்வாடகைக்கு விட்டவர்களையும் குற்றவாளிகளாகப் பார்க்காமல் அவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். போனவர்கள் ஏன் போனார்கள் என்பதில்தான் இருப்பவர்களின் நிலையும் விளங்கும். முடிவுகளைத் தமிழில் அச்சடித்து, அந்தந்தப் பிளாக்கின் சுவரில் ஒட்டி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் பகுதி சபையிலும், ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலும் படித்துக் காட்ட வேண்டும். அப்படிப் படித்துக் காட்டப்பட்ட அறிக்கை கையில் இல்லாமல் அடுத்த கரையைக் காலி செய்ய அனுமதி இல்லை என்று மூன்றாவது முழுமைத் திட்டத்தில் ஒரு விதி எழுதப்பட வேண்டும். கல்வியாண்டின் நடுவே எந்தக் குடும்பத்தையும் பெயர்க்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கட்டும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைகளில் எழும் பெரிய குடியிருப்புத் திட்டங்களில் பத்து விழுக்காடு நிலம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு என்று இரண்டாவது திட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. அந்த விதியால் நகருக்குள் இதுவரை எத்தனை ஏழைக் குடும்பங்கள் குடியேறின என்பதையும் அந்த ஆய்வே சேர்த்துச் சொல்லட்டும். நகருக்குள் இடமே இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பும் முன், இருந்த இடம் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா?

என் நோட்டுப் புத்தகத்தில் கண்டுபிடிக்கப்படாத 15 பெயர்கள் இருக்கின்றன. போன மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு தாய், தன் பிள்ளையோடு படித்த ஒருவன் குடும்பத்தோடு திருமழிசைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் அங்கே போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். தொடர் ஆய்வு என்று ஒன்று தொடங்குமானால், அந்தக் குடும்பங்களின் அனுமதியைப் பெற்று, இந்தப் பட்டியலை ஒப்படைக்கவும், ஆய்வாளர்களோடு கூட வந்து கதவைத் தட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். தலைமையாசிரியை வந்திருக்கிறேன் என்றால் அந்தக் கதவுகள் இன்னும் திறக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை,
சென்னை.